பந்தி பார்க்கும் முகம்

அடைக்கலம் என்றால் ஸ்ரீரங்கத்திலும் திருவானைக்காவலிலும் தெரியாத ஆள் கிடையாது. முப்பது வருஷம் கல்யாணத்துக்குச் சமைத்தவர். ஒவ்வொரு கல்யாணத்திலும் இரண்டு போட்டோகிராபர், ஒரு வீடியோக்காரர், இப்போது தலைக்கு மேலே ட்ரோன் வேறு. இத்தனை கேமராவுக்கு நடுவில் ஆயுசு முழுக்க நடமாடிய மனுஷன் போய்ச் சேர்ந்த பிறகு, படத்திறப்புக்கு உருப்படியாக ஒரு போட்டோ தேடினால் ஒன்றுகூட இல்லை. இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல?

அடியோடு இல்லை என்று சொல்லக் கூடாது. ஆதார் கார்டில் ஒன்று இருந்தது. அதைப் போட்டோ என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

அவர் மனைவி வீராயி, மகன் அழகிரியைக் கூட்டிக்கொண்டு தில்லை நகரில் ஜென்சியின் ஸ்டூடியோவுக்கு வந்தது ஒரு புதன்கிழமை காலை. ஞாயிற்றுக்கிழமை பதினாறாம் நாள், கருமாதி. அன்றைக்கு மண்டபத்தில் எல்லாரும் பார்க்க, துணியை விலக்கிப் படத்தைத் திறந்து மாலை போடுவார்கள். அதற்கப்புறம் வீட்டுச் சுவரில் அந்தப் படம்தான் அந்த ஆள். பேரன் பேத்திக்குத் தாத்தா என்றால் அதுதான். ஆகவே படம் பிசகினால் ஆளே பிசகிவிடுவார்.

வீராயி துணிக்கடைப் பை ஒன்றைக் கவிழ்த்தாள். பதினோரு படங்கள் மேஜையில் விழுந்தன. ஒன்றில் அடைக்கலத்தின் முதுகு. ஒன்றில் அண்டாவின் ஆவிக்குப் பின்னால் ஒரு காது. மகளின் வளைகாப்புப் படத்தில் குடும்பமே கேமராவைப் பார்த்து நிற்க, அவர் மட்டும் யாரையோ பார்த்து "அந்தத் தட்டை எடு" என்பதுபோல் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"கேமராவப் பாத்தா மனுசன் திரும்பிக்குவாரும்மா. எனக்கு என்ன வேலை இல்லையா, நின்னு மூஞ்சியக் காட்டறதுக்குன்னு கேப்பாரு" என்றாள் வீராயி.

அழகிரி தன் போனை எடுத்து நீட்டினான். இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. "மேடம், ஆப்ல ஒண்ணு ரெடி பண்ணிருக்கேன். இதையே பிரேம் போட்டுக் குடுத்துட்டாக்கூடப் போதும்."

போனில் ஒருவர் சபாரி சூட் போட்டுக்கொண்டு, தேக்கு நாற்காலியில் சாய்ந்து, நீலப் பின்னணியில் பல்தெரியச் சிரித்தார். நிறம் இரண்டு சுற்றுக் கூடியிருந்தது. வயதில் பதினைந்தைக் காணோம்.

"யாருடா இது, கவுன்சிலரா?" என்று கேட்டாள் வீராயி.

ஜென்சிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். பாலக்கரைக்காரி. பத்தொன்பது வருஷமாகக் கேமரா தூக்குகிறவள். ஒரு முகத்தை மூன்று நிமிஷம் பார்த்தால் போதும், அது எந்தப் பக்கம் நிஜம், எந்தப் பக்கம் நடிப்பு என்று சொல்லிவிடுவாள். அந்தத் தெம்பில்தான் வாயை விட்டாள்.

"வெள்ளிக்கிழமை வாங்கம்மா. உங்க வீட்டுக்காரரை இந்த மேஜையில காட்டறேன்."

ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் வேலை முழுக்கத் தஸ்லிமாவுடையது. இரண்டு பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டு ஒன்பதரைக்கு வந்து உட்கார்ந்தால், முடியில் ஒவ்வொரு இழையாகப் பிரித்துப் போடும் கை. வளைகாப்புப் படத்திலிருந்து தோளை எடுத்தாள், ஆதாரிலிருந்து கண்ணை எடுத்தாள், யார் வீட்டுப் பட்டு வேட்டியையோ சுற்றிவிட்டாள். வியாழக்கிழமை சாயங்காலம் பார்த்தபோது ஜென்சிக்கே திருப்தி. நேர்ப் பார்வை, இரண்டு காதும் தெரிகிறது, முகத்தில் ஒரு சாந்தம். மாலை போட இடம் விட்டாயிற்று. படத்திறப்புக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

வெள்ளிக்கிழமை வீராயி அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். முந்தானையால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

"ரொம்ப அழகா இருக்கும்மா," என்றாள். "ஆனா இது அவரு இல்ல."

ஜென்சிக்குச் சுருக்கென்றது. கல்யாணப் பெண்கள் மூக்கு பெரிதாக விழுந்துவிட்டது என்று சண்டைக்கு வந்திருக்கிறார்கள். அதெல்லாம் அவளுக்குத் தூசு. இந்த அம்மாள் சண்டையே போடவில்லை. ரொம்ப மரியாதையாக, ஆளே இல்லை என்கிறாள்.

"எங்கம்மா தப்பா இருக்கு? சொல்லுங்க, சரி பண்ணிடலாம்."

"வேர்வை இல்லியே. அடுப்புக்கிட்ட நின்ன மனுசனுக்கு எப்புடி வேர்க்காம இருக்கும்? அப்புறம் இந்த எடது கண்ணு. பொகை பட்டுப் பட்டு அது எப்பவும் செத்தச் சுருங்கித்தான் இருக்கும். இங்க ரெண்டும் ஒண்ணுபோல முழிச்சுக்கிட்டு இருக்கு."

தஸ்லிமா கையை உதறினாள். "அக்கா, ரெண்டுமே நான் பண்ணதுதான். வேர்வையத் துடைச்சு, கண்ண சமம் பண்ணிட்டுத்தான் மத்த வேலையே ஆரம்பிப்பேன். கை பழகிப் போச்சு."

அவளைக் குறை சொல்லி என்ன பயன்? அந்தக் கையைப் பழக்கினதே ஜென்சிதான். இந்த ஊர்க் கல்யாண ஆல்பத்தில் யாருக்கும் வேர்க்காது. சித்திரை மாதம், கரண்ட் போன மண்டபம், பட்டுப்புடவை, ஓமகுண்டம் எல்லாம் இருக்கும். முகத்தில் ஒரு சொட்டு வேர்வை இருக்காது. அத்தனை வேர்வையையும் இந்த ஸ்டூடியோதான் துடைத்திருக்கிறது. துடைக்கத் துடைக்க, துடைக்கக் கூடாத ஒரு முகம் வரும் என்று இருவருக்கும் தோன்றவே இல்லை.

"அம்மா, நீங்க கண்ண மூடிக்கிட்டா அவரு எப்படித் தெரியறாரு?" என்று கேட்டாள் ஜென்சி. கொஞ்சம் இறங்கித்தான் கேட்டாள்.

வீராயி கண்ணை மூடவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்துச் சொன்னாள். "கல்யாணமான புதுசுல நானும் அவரோட மண்டபத்துக்குப் போவேன், காய் நறுக்க. மொதப் பந்தி உக்காந்ததும் கரண்டியக் கீழ வச்சுட்டு, கதவுகிட்ட வந்து மறைஞ்சு நிப்பாரு. பந்தியில யாராவது ஒருத்தர் மூஞ்சியப் புடிச்சுக்குவாரு. அந்த ஆளு பெசஞ்சு, எடுத்து, மொத வாயி முழுங்கற வரைக்கும் இவரு மூச்சு விடமாட்டாரு. முழுங்கிட்டு அந்த ஆளு மறுபடி எலைக்குக் குனிஞ்சாத்தான் இவரு உள்ள வருவாரு. அந்த மூஞ்சிதாம்மா எனக்கு வேணும். மத்த நேரத்துல அவரு மூஞ்சிய நானே சரியாப் பாத்ததில்ல."

அழகிரி போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மகன் பக்கம் தலையை ஆட்டினாள். "ஊருல எல்லாரு மூஞ்சியையும் பாத்துத் தெரிஞ்சுக்குவாரு. வீட்டுல இவங்கிட்ட மட்டும் வாயத் தொறந்து கேப்பாரு, எப்புடிடா இருக்குன்னு. இவன் அந்தப் போன விட்டு நிமிந்தாத்தானே. 'ம்'முன்னு ஒரு சத்தம் வரும். அவ்வளவுதான்."

அழகிரி போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு காபி குடித்துவிட்டு வருவதாக வெளியே போனான்.

ஜென்சி நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டாள். கதவு. கதவுக்குப் பின்னால் பாதி ஆள். இதை எங்கேயோ பார்த்திருக்கிறாள். எங்கே என்று தெரியவில்லை, ஆனால் அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பி அன்றைக்கு வாங்கின திட்டு மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"தஸ்லிமா, ஒரு கல்யாணத்துல பொண்ணும் மாப்பிள்ளையும் லட்டு ஊட்டறத நான் மிஸ் பண்ணிட்டு, திரும்ப ஊட்டச் சொல்லி, பொண்ணோட அத்தை என்னை உண்டு இல்லைன்னு பண்ணுச்சே?"

"பிரேமலதா கல்யாணம் அக்கா. அம்மா மண்டபம் ரோடு. அந்தத் திட்டு எனக்கும் சேர்த்துத்தான் விழுந்துச்சு."

"அந்த ஹார்ட் டிஸ்க்க எடு."

ஆல்பத்துக்குப் போன படங்களில் இல்லை. வாடிக்கையாளருக்குக் கொடுத்த எழுநூறிலும் இல்லை. கடைசியாக 'வேஸ்ட்' என்று பெயர் போட்ட ஃபோல்டர். கொட்டாவி விட்டவர்கள், கண் மூடியவர்கள், குறுக்கே ஓடிய குழந்தைகள், ஃபிளாஷ் அடிக்காத இருட்டு. ஒரு மணி நேரம் ஓடியது. வீராயி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். திடீரென்று தஸ்லிமாவின் கை மவுஸின் மேல் நின்றது.

அடைக்கலம் இருந்தார்.

பாதிக் கதவு, பாதி ஆள். தோளில் ஈரத் துண்டு. நெற்றி வேர்வையில் மண்டபத்து ஜன்னலின் வெளிச்சம் வரிசையாகப் பிடித்திருந்தது. இடது கண் சுருங்கியிருந்தது. வலது கண் படத்துக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. யாரோ ஒருவரின் முதல் வாயைத்தான், வேறென்ன? உதடு லேசாகத் திறந்து, விட வேண்டிய மூச்சு உள்ளேயே நின்றிருந்தது. பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்கிற பையனின் முகம், அறுபது வயது ஆளிடம்.

வீராயி எழுந்து வந்து திரைக்கு மிக அருகில் நின்றாள். பிறகு கையை நீட்டி, அந்த நெற்றியைத் தன் முந்தானையால் ஒற்றினாள். திரையில்தான் ஒற்றுகிறோம் என்று தெரிந்ததும் சிரித்துவிட்டாள், சிரித்துக்கொண்டே அழுதாள். தஸ்லிமா வேகமாகத் தண்ணீர் எடுக்கப் போய்விட்டாள்.

அழகிரி திரும்பி வந்து பார்த்தான். அவனுக்குப் பிடிக்கவில்லை.

"மேடம், இது சைடுல இருக்கு. நேராவே பாக்கல. மாலை போட்டா எங்க நிக்கும்? எங்க ஆபீஸ்ல இருந்து எல்லாரும் வராங்க. துண்டும் வேர்வையுமா இப்படியா வைக்கறது?" பிறகு இன்னொன்றும் சொன்னான். "கோச்சுக்காதீங்க, இது நீங்க பிளான் பண்ணி எடுத்ததும் இல்ல. கேமராவுல ஏதோ தவறி விழுந்தது. வேஸ்ட்டுன்னு நீங்களே பேர் போட்டு வச்சிருக்கீங்க."

ஜென்சிக்குக் கோபம் வந்தால் குரல் தணியும். "வேஸ்ட்டுன்னு பேர் போட்டது என் தப்புதாங்க, ஒத்துக்கறேன். ஆனா தவறி விழுந்ததுன்னு மட்டும் சொல்லாதீங்க. அன்னைக்குக் கேமராவ விட்டிருந்தா அது பொண்ணு மாப்பிள்ளையத்தான் எடுத்திருக்கும். என்னைக் கூப்பிட்டது அதுக்குத்தான். மண்டபமே லட்டத்தான் பாத்துச்சு. திரும்புனது நான். திட்டு வாங்குனதும் நான். எங்க நிக்கணும், எப்ப அமுக்கணும், எதை விட்டுட்டு எதை எடுக்கணும், அதுதான் என் தொழில். பட்டன அமுக்கறது யாரு வேணா அமுக்கலாம்."

அழகிரி அடுத்துப் பேசியபோது ஆபீஸ் குரல் போயிருந்தது. "காலம்பூரா வேர்த்துக் கெடந்தாருங்க. மே மாசம் அடுப்புல நின்னுட்டு வந்து வாசல்ல விழுவாரு. செத்த பெறகாவது ஒரு நல்ல சட்டையோட, வேர்க்காம உக்காந்திருக்கட்டுமேன்னு பாத்தேன். வேற ஒண்ணுமில்ல."

இதுவும் ஒரு மகன் பேசுகிற பேச்சுதான். ஜென்சி வீராயியைப் பார்த்தாள்.

"இந்தப் படந்தான்" என்றாள் வீராயி. "பெருசாப் போடும்மா. வேர்வையில கை வைக்காத."

"உங்க இஷ்டம்" என்று அழகிரி பைக் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா மண்டபம் ரோட்டில், பிரேமலதா கல்யாணம் நடந்த அதே மண்டபம். தற்செயல்தான், ஆனால் ஸ்ரீரங்கத்தில் அடைக்கலம் சமைக்காத மண்டபம் எது? ஜென்சி படத்தை வெள்ளைத் துணியில் சுற்றி ஆட்டோவில் கொண்டுவந்தாள், கேமராவும் கழுத்தில். மண்டப வாசலில் ஆளுயர ஃபிளெக்ஸ். அதில் சபாரி சூட்டில் அந்தக் கவுன்சிலர் சிரித்துக்கொண்டிருந்தார். அழகிரி 'உங்க இஷ்டம்' என்று சொன்னபடி நடக்கிறவன்தான், ஆனால் தன் பங்குக்கு ஒன்று செய்யாமல் விடுவானா?

அந்த ஃபிளெக்ஸ் செய்த கூத்து இருக்கிறதே! தொட்டியத்திலிருந்து இலைக்கட்டு இறக்க வந்த வேன் டிரைவர் அதைப் பார்த்துவிட்டு, இது வேறு யாருக்கோ என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அடைக்கலத்துக்குப் பதினைந்து வருஷமாக இலை கொண்டுவந்தவர் அவர். அடைக்கலத்தின் கீழே இருபத்திரண்டு வருஷம் சாம்பார் பார்த்த பீமராவ் ரோட்டுக்கு ஓடி, போனில் கத்தி அவரைத் திருப்பிக் கூட்டிவந்தார். அதற்குள் காய்கறிக்கடைக்காரர் குடும்பத்தோடு வந்து வாசலில் நின்று, அழகிரியிடமே போய்க் கேட்டார்.

"தம்பி, நம்ம அடைக்கலம் கருமாதி எந்த மண்டபம்?"

மொட்டைத் தலையும் புதுத் துண்டுமாக நின்ற அழகிரியை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. ஃபிளெக்ஸில் இருந்தவரையும் தெரியவில்லை. "இதுதாங்க, உள்ள வாங்க" என்றான் அழகிரி. அவர் ஃபிளெக்ஸை மறுபடி ஒரு தடவை பார்த்துவிட்டு, சந்தேகத்தோடுதான் உள்ளே போனார்.

மூன்றாவது ஆளும் கேட்ட பிறகு அழகிரி ஏணியைக் கொண்டுவரச் சொன்னான். தானே ஏறி ஃபிளெக்ஸின் கயிற்றை அவிழ்த்தான். ஜென்சி தூணோரம் நின்று பார்த்தாள், பார்க்காதவள்போல் லென்ஸைத் துடைத்தாள்.

பதினோரு மணிக்குப் படத்திறப்பு. பீமராவ்தான் துணியை விலக்கினார். விலக்கியவர் "அண்ணே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இரண்டு அடி பின்னால் போய்விட்டார். கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. நேராகப் பார்க்கவில்லையே என்று ஒரு பெரியவர் முணுமுணுத்தார். "யாரைப் பாக்கறாரு?" என்று ஒரு குழந்தை சத்தமாகக் கேட்டது. மாலை ஒரு பக்கமாகத்தான் நின்றது. அழகிரியின் ஆபீஸ் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜென்சி அசரவில்லை. நல்ல படம் பேச ஆரம்பிக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

பூவெல்லாம் போட்டு முடிந்ததும் வீராயி எழுந்தாள். "பீமராவு, படத்தத் தூக்கு. சாப்பாட்டு ஹாலுக்குக் கொண்டா. அந்தக் கதவுகிட்ட மாட்டு, அவரு ஒசரத்துக்கு."

"அண்ணி, விளக்கு இங்கல்ல இருக்கு?"

"வெளக்கு இருந்துட்டுப் போவட்டும். பந்தி போடறப்ப அவரு இங்க உக்காந்திருப்பாரா?"

சமையற்கட்டுக் கதவின் ஓரத்தில், அவர் வழக்கமாக நிற்கும் இடத்தில் ஆணி அடித்து மாட்டினார்கள். முதல் பந்தி உட்கார்ந்தது. வடை, பாயசம், கூட்டு, பொரியல் எல்லாம் வந்து, சாதம் விழுந்து, பீமராவே சாம்பாரை ஊற்றினார். வரிசையில் முதல் இலை அந்தக் காய்கறிக்கடைக்காரருடையது. பிசைந்து, ஒரு வாய் எடுத்து வைத்துக்கொண்டு, ஏதோ உறுத்தவே நிமிர்ந்தார். கதவோரம் அடைக்கலம் மூச்சை அடக்கிக்கொண்டு அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் வாயில் இருந்ததை முழுங்கிவிட்டு, தலையை நன்றாக ஆட்டி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துக் காட்டினார். காட்டிய பிறகுதான் யாரிடம் காட்டினோம் என்று அவருக்கு உறைத்தது. அவர் கையை இறக்கவில்லை. பக்கத்து இலைக்காரர் அவர் பார்த்த பக்கம் திரும்பினார், அவரும் தலையாட்டினார். அப்படியே அந்த வரிசை முழுக்கப் போயிற்று. கதவுக்குப் பின்னால் பீமராவ் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

வீட்டுக்காரர்களுக்குக் கடைசிப் பந்தி. இரண்டரை மணி ஆகிவிட்டது. அழகிரி காய்கறிக்கடைக்காரர் உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்தான். வேண்டுமென்று உட்கார்ந்தானா, காலியாக இருந்ததா, தெரியாது. காலையிலிருந்து ஏணி ஏறி, பரிமாறி, ஆட்களை வழியனுப்பி அவனுக்கும் வேர்த்துக் கொட்டியது. பழக்கதோஷத்தில் போனை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்தான். அது ஒரு தடவை மின்னியது. கவிழ்த்து வைத்தான்.

ஜென்சி எதிர் வரிசையின் முடிவில் முட்டி போட்டு உட்கார்ந்தாள். கேமராவைப் படத்தின் பக்கம் காட்டவில்லை.

அழகிரி பிசைந்தான். முதல் வாயை வைத்தான். மென்றான். நிமிர்ந்து கதவோரம் பார்த்தான். அவன் அப்பா அவன் முழுங்குவதற்காகக் காத்துக்கொண்டிருந்தார். அழகிரிக்கு முழுங்க முடியவில்லை. கண் நிறைந்து, ஒருவழியாக முழுங்கினான்.

"நல்லா இருக்குப்பா" என்றான். ஒரு நிமிஷம் கழித்து, "உப்பு மட்டும் ஒரு கல்லு கம்மி" என்றான்.

"ஆமா, கம்மிதான்" என்றது சமையற்கட்டுக்குள்ளிருந்து பீமராவின் குரல்.

ஜென்சி அமுக்கினாள். ஒரே ஒரு தடவைதான்.

மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வீராயி இலையிலிருந்து தலையை எடுக்காமலே கேட்டாள். "விழுந்துச்சாம்மா?"

"விழுந்துச்சும்மா" என்றாள் ஜென்சி. "வேர்வையோட."